நேர்ந்துவிட்ட மீன்

என்ன வேலை பார்த்தீர்கள் என்று இப்போது யாராவது கேட்டால், கடல் ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன். எழுபதுகளில் தூத்துக்குடியில் அப்படிச் சொல்லித் தப்பித்திருக்க முடியாது. மீன் ஏலம் போடும் கரையில் இருந்த டீக்கடையில் எனக்கு வைத்திருந்த பட்டம் ‘மீனுக்குக் காது குத்துத ஆபீசர்’. ஆபீசர்கூட இல்லை நான், வெறும் களப் பணியாளன். “என்ன சார், இன்னைக்கு எந்த மீனுக்குக் காதுகுத்து? மொய் எழுதணுமா?” என்று கேட்பார் கடைக்காரர். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் நுனிமூக்கில். ஒருநாள் டீ கிளாசை மேசையில் வைத்த வேகத்தில் அது இரண்டாகப் போயிற்று. அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். நான் குத்தியது காது இல்லை, செட்டை. மீனும் சாதாரண மீன் இல்லை, வேளா.

வேளாவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இனிமேல் பார்க்கப் போகிறவர்களும் அதிகம் இல்லை. உடம்பு சுறாவைப் போல இருக்கும். தலை தட்டை. அந்தத் தலையிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு கொம்பு, பெரிய மீன் என்றால் அது என் நெஞ்சுயரம் வரும். கொம்பின் இரண்டு ஓரத்திலும் ரம்பத்துக்கு இருப்பதுபோல் வரிசையாகப் பற்கள். இரை தேடுவதற்கும் ஆயுதத்துக்கும் அதற்கு அந்தக் கொம்புதான். எமனும் அதுதான். எந்த வலை பட்டாலும் பல் மாட்டிக்கொள்ளும். உதறினால் இன்னும் மாட்டும். முதலாளிகளுக்கோ அதன் பீலி மேல் கண். பீலி என்றால் செட்டை, காயவைத்துக் கப்பலேற்றுவது. சுறாப் பீலியிலேயே வேளாப் பீலிக்குத் தனி மவுசு.

நான் ஏரல் பக்கத்து வயக்காட்டுக் குடும்பம். கடல் என்றால் எங்கள் வீட்டில் திருச்செந்தூரில் முழுக்குப் போடுகிற இடம், அவ்வளவுதான். விலங்கியல் படித்துவிட்டு வேலை தேடி அலைந்தபோது இந்த வேலை அகப்பட்டது. நான் சேர்ந்த சமயத்தில் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்று வருஷக்கணக்காகியிருந்தது. கடலடிப் பாறைத் திட்டான பாரில் சிப்பி இல்லை என்றார்கள். ஒரு பக்கம் புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் இறாலுக்காக விசைப்படகுகள் நாளுக்கு நாள் பெருகிக்கொண்டிருந்தன. முத்துக்கு வந்த கதி வேளாவுக்கும் வரப்போகிறது என்று எங்கள் அதிகாரி சொல்வார். மனுஷர் நல்லவர். எதையும் சத்தமில்லாமல் சொல்லுவார், அதனாலேயே அவர் சொன்னது எங்கும் எடுபடவில்லை.

தாமிரபரணி கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடற்கரையூர். பெயர் வேண்டாம். மழை முடிந்து ஆறு கலங்கலாக இறங்கும் நாட்களில் சினை வேளாக்கள் அந்த ஆற்று வாய்க்கு வந்து ஆழமில்லாத தண்ணீரில் குட்டி போடும் என்று அந்தக் கரையில் எல்லோரும் சொன்னார்கள். வருஷத்தில் அந்த இரண்டு மாசம் மட்டும் அங்கே வலை போடக் கூடாது என்று அரசாங்கத்தை உத்தரவு போட வைக்க வேண்டும். எங்கள் வேலை மொத்தமும் அதற்காகத்தான். ஆனால் மேலிடத்தில் கேட்டார்கள், வந்த மீனேதான் திரும்ப வருகிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? கடல் பெரிசு, இங்கே இல்லாவிட்டால் வேறெங்காவது போய்க் குட்டி போடும், இதற்காக நாலு பேர் பிழைப்பைக் கெடுக்க முடியுமா?

அதற்குத்தான் வில்லை. மஞ்சள் பிளாஸ்டிக்கில் சட்டைப் பொத்தானைவிடப் பெரிதாக, எண்ணும் ஆபீஸ் விலாசமும் போட்டிருக்கும். மீனின் முதுகுச் செட்டையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வில்லை வைத்து, நடுவே கம்பியைக் கோத்து முறுக்கிவிட வேண்டும். பிறகு மீனை விட்டுவிட வேண்டும். மறு வருஷமோ அதற்கடுத்த வருஷமோ அதே மீன் அதே ஆற்று வாயில் பிடிபட்டு, வில்லை எங்கள் கைக்கு வந்து சேர்ந்தால் அத்தாட்சி. கொண்டுவந்து தருகிறவருக்கு ஒரு வேட்டி பரிசு. கரையூர் கரையூராகப் போய்த் தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன்.

இந்த வேலையில் ஒரு கொடுமை உண்டு. மீன் செத்தால்தான் எங்களுக்குச் சேதி. உயிரோடு சுற்றுகிற மீன் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று ஒரு தகவலும் வராது. வில்லை வரவேண்டும் என்று நான் தினமும் நினைப்பேன். வந்தால் என்ன அர்த்தம் என்பதும் தெரியும். இப்படி ஒரு பிழைப்பு.

அந்த ஊரில் எங்களுக்கு வாய்த்தவர் ஒரு சம்மாட்டி. வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்து ஆள் சேர்த்துத் தொழில் செய்கிறவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இளவட்டத்தில் முத்துக் குளித்தவர். குளித்துக் குளித்துக் காது மந்தமாகிவிட்டது, அதனால் எதையும் கத்தித்தான் பேசுவார். நான் கோபத்தில் கத்தினாலும் அவருக்குச் சாதாரணப் பேச்சாகத்தான் கேட்கும். எங்கள் சிநேகம் நீடித்ததற்கு அது ஒரு காரணம். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் மனைவியை மதினி என்பேன். அந்த அம்மாள் என்னைத் தம்பி என்பார், ஆனால் அவர் மட்டும் கடைசிவரை சார்தான்.

முதல் பருவத்தில் வலையில் விழும் வேளாவை உயிரோடு எங்களுக்கு விட்டால் மீன் விலையை ஆபீஸ் கொடுத்துவிடும் என்று ஏற்பாடு. அந்த ஒரு பருவத்துக்குத்தான் அனுமதி கிடைத்தது. முதல் மீன் விழுந்த சேதி வந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடி, பஸ்ஸிலிருந்து மணலில் ஓடி, நான் போய்ச் சேரும்போது இடுப்பளவு தண்ணீரில் சம்மாட்டியும் ஆட்களும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வயிறு புடைத்த பெட்டை. இரண்டு ஆள் நீளத்துக்கு மேல். கொம்பில் ஈரச் சாக்கைச் சுற்றி ஒரு கம்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கொம்பின் இடது ஓரத்தில், நுனிப் பக்கம், சில பற்கள் இல்லை.

“பொக்கைவாய்க் கிழவியால்லா இருக்கா!” என்றார் மதினி கரையிலிருந்து. அன்றிலிருந்து அதற்குப் பெயர் பொக்கை.

சாக்குத் தைக்கிற கோணூசியை நெருப்பில் காட்டிச் செட்டையில் இறக்கினேன். மீன் ஒரு துள்ளு துள்ளியது. தண்ணீரில் குப்புற விழுந்து எழுந்தேன். “ஏலே, வாலப் புடி! சார் கால ஒடிச்சிறப் போகுது!” என்று சம்மாட்டி கத்தினார். கம்பியைக் கோத்துக் குறட்டால் முறுக்கினேன். எனக்கென்று ஒரு முறுக்கு உண்டு. மூன்று சுற்று வலப்பக்கம், பிறகு நுனியை உள்ளே மடக்கிவிடுவேன், மீனுக்கு உறுத்தக் கூடாது என்று.

“இது என்ன சார், வாய்க்கட்டு மாதிரியா? முத்துச் சலாபத்துல சுறாவுக்கு மந்திரம் போடுவானே, அதா?” என்று ஒரு ஆள் கேட்டான்.

“அதில்லலே. இது கடல்ல சுத்திட்டு இங்கயே திரும்ப வருதான்னு பாக்க” என்றேன்.

சம்மாட்டிக்கு ஒரு குறை இருந்தது. வலையில் வேளா விழுந்து, ஆளுக்குச் சேதம் இல்லாமல் கரை சேர்ந்தால், கொம்பை அறுத்து மாதாவுக்குக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். கரையில் ஒரு குருசடி, சிலுவையும் மாதா சுரூபமும் வைத்த சின்னக் கட்டடம். அதன் உட்சுவர் முழுக்கக் கொம்புகள்தான். “மீன இப்படி முழுசா விட்டுட்டா மாதாவுக்கு என்னத்தக் குடுக்க?” என்றார்.

“மீனையே நேந்துவிட்டதா இருக்கட்டும்” என்றார் மதினி. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். சாக்கை அவிழ்த்ததும் பொக்கை ஒரு கணம் அசையாமல் கிடந்து, பிறகு வாலை ஒரே வீச்சாக வீசிப் போய்விட்டது.

அந்தப் பருவத்தில் ஐந்து பெட்டைகளுக்கு வில்லை மாட்டினோம். ஐந்தும் சினை. அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அதன்பிறகு காத்திருப்பு. மறு மழை வந்தது, போனது. ஏலக் கரையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன். அறுத்துப் போட்ட வேளாக்களின் செட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பீலிக்காரர் அண்ணாச்சி, “சார், சும்மா புரட்டாதீங்க, பீலி நைஞ்சு போகும்” என்று விரட்டுவார். அவரோடு இரண்டு தடவை சண்டை. ஒரு வில்லையும் வரவில்லை. கரையூர்களில் கேட்டால் ‘பாக்கலியே சார்’ என்பதே பதில். டீக்கடைக்காரர், “காதுகுத்துன புள்ளையெல்லாம் கம்மலோட ஓடிப்போச்சா?” என்று விசாரித்தார்.

அதற்கடுத்த மழையும் முடிந்தது. மேலிடத்திலிருந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மீன்கூடத் திரும்பவில்லையே, அப்படியானால் இந்த ஆற்று வாய்க்கு அவை வருவது தற்செயல்தானே? எங்கள் அதிகாரி என்னிடம், “வேற வேலை பாத்துக்கோப்பா, இதை மூடிருவாங்க” என்றார். வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. எங்கேதான் போய்த் தொலைந்தன ஐந்தும்?

அந்தத் தை மாசத்தில் குருசடித் திருநாளுக்குச் சம்மாட்டி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கட்டாயம் வரணும், சாப்பிடாமல் போகக் கூடாது என்று சொல்லியனுப்பியிருந்தார். போனேன். பந்தலில் ஊரே உட்கார்ந்து அசனம், அதாவது நேர்ச்சைச் சாப்பாடு, சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு மதினியே பரிமாறினார். சோறு, குழம்பு, மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு உதிர்த்த மீன் புட்டு. பசியோ மனச்சோர்வோ, இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். “சுறாப் புட்டு இப்படி வாய்ச்சு நான் தின்னதே இல்ல மதினி” என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கை கழுவிவிட்டு, மரியாதைக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றலாம் என்று குருசடிக்குள் போனேன். புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். மாதாவுக்கு வலப்பக்கம் நாலு புதுக் கொம்புகள். ஒவ்வொரு கொம்புக்கும் கீழே ஆணியில் மஞ்சளாக என்னவோ தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். மூன்று சுற்று வலப்பக்கம், நுனி உள்ளே மடக்கியது. என் முறுக்கு.

 எண்களைப் படித்தேன். துடைத்துப் படித்தேன். பிறகு வெளியே வந்து கத்தின கத்தில் பந்தலே திரும்பிப் பார்த்தது.

சம்மாட்டி மட்டும் சிரித்த முகத்தோடு வந்தார். “பாத்துட்டீங்களா சார்? நேர்ச்சப் பொருளத் திருநாள்லதான் காட்டணும், போன திருநாளுக்கு நீங்க வரல. சாப்புட்டு முடிச்சப்புறம் காட்டலாம்னு இருந்தேன். நாலு வந்துட்டு! போன வருசம் ரெண்டு, இந்த வருசம் ரெண்டு. கடைசி மீனு போன வாரம் வந்துச்சு. உப்புப் போட்டு வச்சிருந்தோம். இன்னைக்கு நீங்க சாப்புட்டது அதுதான்!”

குருசடிப் பக்கம் கையைக் காட்டினேன்.  

“அடப் பாவிகளா! விட்ட மீன அறுத்துத் தின்னுருக்கீங்களே! வில்லையக் கொண்டாங்க, கொண்டாங்கன்னு ரெண்டு வருசமாத் தொண்டத்தண்ணி வத்தக் கேட்டேனே! வேட்டி தாரோம்னு சொன்னோமே!”

இப்போதுதான் அவர் முகம் மாறியது. கோபம் இல்லை, திகைப்பு. “என்ன சார் பேசுதீங்க? நேர்ச்சப் பொருளக் குடுத்து வேட்டி வாங்கிக் கட்டுததா? கட்டுன இடுப்பு விளங்குமா?”

மதினி வந்து நிதானமாகச் சொன்னார். “தம்பி, அந்தோனியாருக்கு ஆடு நேந்துவிட்டா காத நறுக்கி விடுவோம். அது ஊரெல்லாம் மேயும். ஒருத்தன் கை வைக்க மாட்டான். திருநாளு வந்தா அறுத்து அசனம் குடுப்போம். நீங்க செட்டையில குத்தி விட்டிய. அது கடல் பூரா மேஞ்சிட்டு, நேரா மாதா காலடிக்கே வந்துட்டு. வேற எங்கயும் போகல பாருங்க! ஒரு துண்டு விக்கல தம்பி. பீலிய வித்து இந்தக் குருசடிக்கு வெள்ளையடிச்சோம். அம்புட்டுத்தான்.”

 எங்கள் ஊரில் சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட கிடா வீதியில் திரியும். என் தோளில் முட்டியிருக்கிறது, என் கையால் அகத்தி தின்றிருக்கிறது. கோயில் கொடையன்றைக்கு அதைத்தான் நானும் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். இவர்களை எந்த வாயால் திட்டுவது? மணலில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் வந்தபோதெல்லாம் எனக்கு ஒரு பலம் இருந்தது. அன்றைக்கு அது போன இடம் தெரியவில்லை.

இத்தனை நாள் நான் தேடிய அத்தாட்சி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு மீனும் அதே ஆற்று வாய்க்குத் திரும்பியிருந்தன. நாங்கள் சொன்னது சத்தியம். சத்தியத்தை அறுத்துப் புட்டு செய்தாகிவிட்டது.

பிறகுதான் உறைத்தது. நாலுதானே? பொக்கை எங்கே?

“அவ மட்டும் வரல” என்றார் சம்மாட்டி.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கத்தாமல் சொன்னதால் அவருக்குக் கேட்கவில்லை. காதருகே போய் மறுபடியும் சொன்னேன். அறுப்பதற்கு நான் அதை விடவில்லை அண்ணாச்சி, உயிரோடு இருப்பதற்குத்தான் விட்டேன். பொக்கை வந்தால் எனக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம், அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அவருக்கு அது முழுசாக விளங்கியதா தெரியவில்லை. நேர்ந்துவிட்டதைத் திருப்பிக் கேட்கிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் நான் கலங்கியிருந்தது அவருக்குத் தெரிந்தது. குருசடிப் பக்கம் திரும்பி, “மாதா மேல சத்தியம் சார். வலைய அறுத்தாவது விட்டுருதேன்” என்றார்.

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “நாலும் திரும்பி வந்திருக்கு. நல்லது. நாலும் செத்துப்போச்சு. இப்போ யாருக்காக அந்தத் தண்ணிய வலைக்கு அடைக்கச் சொல்லி நான் எழுதட்டும்?”

“இன்னொண்ணு இருக்கு சார்.”

“அது உயிரோட அங்க வந்துச்சுன்னா சொல்லு. அன்னைக்கே எழுதுறேன்” என்றார். அந்த ஒரு மீனை நம்பி இன்னொரு வருஷம் கெஞ்சி வாங்கினார். அதற்குமேல் அவராலும் கேட்க முடியாது.

மறு மழை நன்றாகப் பெய்தது. ஆறு செந்தண்ணீராக இறங்கியது. ஒருநாள் முற்பகல் ஆபீஸ் வாசலில் பெரிய சத்தம். சம்மாட்டியும் மதினியும், திருநாளுக்கு உடுத்துகிற உடுப்பில், பஸ் பிடித்து வந்திருந்தார்கள். வாசலிலிருந்தே கத்தினார்.

“நேத்து பொக்க வந்துட்டா சார்! வயிறு இந்தா தண்டி! திருக்க மீனு வலையில ஒரேயடியாச் சுத்திக்கிட்டா. ஆளுவ எல்லாம் வேண்டாம்னானுவ. புது வலை சார். போவட்டும்னு அறுத்து விட்டுட்டேன்! சொன்ன சொல்லு காப்பாத்திட்டேன்!”

“வில்லை இருந்துச்சா அண்ணாச்சி?”

“ரெண்டு பக்கமும் இருந்துச்சு! பாசி புடிச்சுப்போய்!”

நான் அழுதேன் என்று சொல்வதில் வெட்கம் இல்லை. அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து வந்து சம்மாட்டி கையைக் குலுக்கினார். ஆபீஸே பார்த்தது. அவர் முன்னாலேயே எழுத உட்கார்ந்தார். எழுதி முடித்து மறுநாள் தட்டச்சு செய்து அனுப்பிவிடுவது என்று பேச்சு. அவர்கள் இருவரையும் பஸ் ஏற்றிவிட்டு டீக்கடைக்குப் போய் எல்லோருக்கும் என் கணக்கில் டீ சொன்னேன். “என்ன சார், காதுகுத்துன புள்ள பெரிய மனுசி ஆயிட்டாளா?” என்றார் கடைக்காரர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் காலை ஆபீசுக்கு ஒருவர் வந்தார். விசைப்படகு டிரைவர். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை, பணிவான பேச்சு. கைக்குட்டையைப் பிரித்து மேசையில் வைத்தார். கழுவித் துடைத்த இரண்டு வில்லைகள், கம்பியோடு.

“வெலாசம் போட்டிருந்துச்சு சார். கொண்டுவந்து குடுத்தா வேட்டி தருவாகன்னு முந்தி ஒரு தடவ நீங்க எங்க கரையில வந்து சொல்லியிருக்கீங்க. நெனப்பு வச்சிருந்தேன்.”

எண்ணைப் பார்த்தேன். பொக்கை.

மூன்று வருஷமாகக் கரையூர் கரையூராக நான் கேட்டதையெல்லாம் அந்த மனுஷர் ஒன்று விடாமல் சொன்னார். ஆற்று வாய்க்கு நேர் வெளியே, ஏழு பாகம், அதாவது ஏழு ஆள் ஆழம். முந்தின நாள் காலை. நீளத்தைக் கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார், கயிற்றையும் மேசை மேல் வைத்தார். எனக்குத் தெரிந்து முறைப்படி வந்த முதல் வில்லை அதுதான்.

“வயித்துல குட்டி இருந்துச்சு சார்” என்றார், ஆச்சரியம் மாறாமல். “ஒவ்வொண்ணுக்கும் குட்டியாக் கொம்பு. கொம்பு மேல உறை மாட்டுன மாதிரி ஒரு தோலு. தாய் வயித்தக் கிழிச்சிறக் கூடாதுன்னு கடவுள் எப்படிப் படைச்சிருக்கான் பாருங்க.”

 நான் கேட்டேன், வேளா அவ்வளவு லேசாக இழுவலையில் மாட்டாதே என்று.

“அது நீந்தவே இல்ல சார். யாரோ வலைய அறுத்து விட்டிருக்கான். அறுத்த வலை கொம்பச் சுத்தி, தலையச் சுத்தி அப்படியே கெடந்துச்சு. புது நூலு, மக்காது. இழுத்துக்கிட்டே திரிஞ்சிருக்கும் பாவம். எங்க வலை மடியில சும்மா வந்து ஏறிட்டு.”

பீரோவைத் திறந்து வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். மடிப்புக் கலையாமல் அத்தனை நாளும் உள்ளேயே கிடந்த வேட்டி. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “ரொம்ப உபகாரம் சார். இனிமே எது வந்தாலும் உங்களுக்குத்தான் கொண்டுவருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் கோபப்பட ஒரு காரணமும் எனக்கு அகப்படவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. கோபக்காரனுக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

அதிகாரி முந்தின நாள் எழுதிய தாளை எடுத்துப் படித்துப் பார்த்தார். கிழிக்கவில்லை. மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். “மேல இருந்து பாராட்டு வரும்ப்பா. விவரமெல்லாம் சரியா இருக்கு” என்றார். அவர் சொன்னபடியே வந்தது. திட்டம் நிறைவேறியது என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். ஆற்று வாயை யாரும் அடைக்கவில்லை. எவ்வளவோ காலம் கழித்து வேளாவைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது எனக்குத் தலை நரைத்துவிட்டது. அந்தக் கரையில் வேளா என்றால் என்ன என்று கேட்கிற பிள்ளைகள் பிறந்துவிட்டன.

வில்லைகளில் ஒன்றை ஆபீசுக்கு வைத்துக்கொண்டு இன்னொன்றை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அந்த வாரமே சம்மாட்டி ஊருக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

சம்மாட்டி தூரத்தில் வள்ளத்தடியில் நின்று கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அறுத்ததுபோக மிச்சமிருந்த வலை. என்னைப் பார்த்ததும், “என்ன சார்! அரசாங்கத்துக்கு எழுதியாச்சா? அடைக்கப் போறாகளா?” என்று அங்கிருந்தே கத்தினார். கையை ஆட்டிவிட்டுக் குருசடிக்குள் போனேன்.

மதினி உள்ளே சுரூபத்துக்குப் பூ மாற்றிக்கொண்டிருந்தார். நாலு கொம்புகள், நாலு ஜோடி வில்லைகள். பக்கத்தில் ஆணி இல்லை. நாலாவது ஆணியிலேயே, அங்கிருந்த வில்லைக்கு மேல், பொக்கையின் வில்லையை மாட்டினேன். கொம்பு இல்லை. அது எந்த வியாபாரியிடம் போயிற்றோ.

மதினி வந்து பார்த்தார். எண் படிக்கத் தெரியாது அவருக்கு. ஆனால் ஆணியில் ஒன்று கூடியிருப்பது தெரிந்தது. என் முகத்தையும் பார்த்தார். கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார். வெளியே சம்மாட்டி யாரிடமோ, “நம்ம பொக்கைக்காவ சார் வந்திருக்காக!” என்று கத்திச் சொல்வது கேட்டது.

வலைத்துண்டைப் பற்றி நான் சொல்லவில்லை. அதை இந்த நாள்வரை யாரிடமும் அங்கே சொன்னதில்லை. விசைப்படகில் மாட்டிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

மதினி ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்.

“நாங்க விட்டோம்லா தம்பி?”

“விட்டீங்க மதினி” என்றேன்.